மறு: எக்ஸ்டென்ட் – ‘நீட்சி’யா, ‘நிரை’யா?

அனைவருக்கும் வணக்கம். நம் கையேட்டில் எக்ஸ்டென்ட் (extent) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்: வட்டில் அடுத்தடுத்து இருக்கும் தொகுதிகளை (வட்டிடத்தின் சம அளவுத் துண்டுகளை) ஒன்றாகக் குறிக்கும் பதிவு அது.

பினாங்கு அண்ணன் நேற்று எழுதியது:
> ‘நீட்சி’ என்றே வைத்துக்கொள்வோமே. அகராதியில் இருக்கிறது, எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணே, ஆனால் வேறொன்றாகப் புரியும். உலாவியில் சேர்க்கிற எக்ஸ்டென்ஷனை ஏற்கெனவே ‘நீட்சி’ என்றுதான் எழுதுகிறோம். ‘கோப்பு நீட்சி’ என்றால் கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின்னே தொங்கும் மூன்றெழுத்துதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை ‘நிரை’. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அம்மா பால் மரம் சீவிய காலத்தில், பிரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) யாரும் மரம் மரமாக எண் சொன்னதில்லை. எந்த நிரை, அதாவது எந்த மர வரிசை, என்றால் போதும். எக்ஸ்டென்ட்டும் அப்படித்தான். லினக்ஸின் பழைய கோப்பு முறைமையான எக்ஸ்ட்3, ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாக வட்டு எண்ணைக் குறித்து வைக்கும். அதற்கு அடுத்து வந்த எக்ஸ்ட்4, ‘கோப்பின் 0ஆம் தொகுதி முதல் 40 தொகுதிகள், வட்டில் 9000 முதல்’ என்று 12 பைட்டில் முடித்துவிடும். கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடுக்குள்ளேயே இப்படி நான்கு நிரைகளுக்கு இடம் உண்டு.

போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில், தே தாரிக் ஆறிப்போகும்வரை, தம்பி ஒருவரின் பிழைத்திருத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ட்4 வட்டைப் படித்துக் கோப்புகளை மீட்கும் சின்ன நிரல். ஒரு கல்யாண வீடியோவை மீட்டால் நடுவில் வெறும் சுழியங்கள். சின்னக் கோப்புகளில் ஒரு குறையும் இல்லை.

விஷயம் நிரையின் நீளத்தைக் குறிக்கும் 16 பிட்டில் இருந்தது. அந்த எண் 32768 வரை இருந்தால் எழுதி முடித்த நிரை. அதைத் தாண்டினால், இடம் ஒதுக்கியாயிற்று, இன்னும் எழுதவில்லை என்று பொருள். 32768ஐக் கழித்தால் உண்மையான நீளம். நிரலோ ‘32768ஐவிடச் சிறியதா’ என்று மட்டும் கேட்டது. மிகச் சரியாக 32768 வந்தால், அதாவது 4 கேபி தொகுதியில் 128 எம்பி நிறைந்த முழு நிரை வந்தால், அதை எழுதாதது என்று எடுத்துக்கொண்டு, கழித்துப் பார்த்து, நீளம் சுழியம் என்று தாண்டிப் போய்விட்டது. திருத்தம் ஒரேயொரு சமக்குறி.

திருத்தம் சரிதான். சோதனைதான் சரியில்லை: தம்பி வைத்திருந்தது 100 எம்பி கோப்பு. அதில் முழு நிரை அமையவே அமையாது, பழைய நிரலும் தேறிவிடும்! புது வட்டில் 300 எம்பி எழுதி, நீளம் 32768 உள்ள நிரை உண்மையிலேயே அமைந்ததா என்று பார்த்துவிட்டுச் சோதிக்கச் சொன்னேன்.

தம்பி நகரத்துச் செந்தூல் பையன், பால் மரத்தை நெடுஞ்சாலை ஓரத்தில்தான் பார்த்திருக்கிறார். ஆனாலும் ‘எழுதா நிரை’ என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். ‘ஒதுக்கியாச்சு, இன்னும் சீவல, அவ்வளவுதானே?’ என்றார். ‘எழுதப்படாத நீட்சி’ என்று சொல்லியிருந்தால் இது நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலில் அணியின் (மேட்ரிக்ஸ்) கிடைவரிசைக்கும் ‘நிரை’தான், தெரியும். இரண்டும் ஒரே பக்கத்தில் மோதுவது அரிது. மோதினால் ‘தொகுதிநிரை’ என்று எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், கோப்பின் தொகுதி வட்டில் எங்கே என்று காட்டும் மேப்பிங்குக்கு யாரோ ‘படமிடல்’ என்று போட்டிருந்தீர்கள். படம் எங்கே இருக்கிறது அதில்? ‘இடங்காட்டல்’ போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கையேட்டில் மாற்ற ஆரம்பித்துவிடுவேன்.