ஏ5 பாடநூலில் தாள்கள் கழன்று வருகின்றன: குறை பசையிலா, தாளிலா?

கேள்வி: மயூர் விஹார் ஆசிரியை, தில்லி

அனைவருக்கும் வணக்கம். மயூர் விஹாரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகளுக்காக நாங்களே தொகுத்த 160 பக்கப் பாடநூலை லேசர் அச்சுப்பொறியில் அச்சிட்டு, பழையதாக வாங்கிய ஒரு மேசை பைண்டிங் இயந்திரத்தில் ஒட்டி வருகிறோம். தொட்டியில் பசைக் குருணைகளைப் போட்டு உருக்கி, இடுக்கியில் பிடித்த தாள் கட்டை உருளை மீது ஓட்டி, அட்டையின் முதுகில் பதித்து அழுத்தும் வகை அது. தாள் கட்டின் முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கும் கத்தி அதில் இல்லை.

இரண்டு ஆண்டுகள் ஏ4 அளவில் செய்தோம். குறை சொல்லும்படி ஒன்றும் நேரவில்லை. இந்த ஆண்டு பிள்ளைகளின் பையில் அடங்க வேண்டும் என்பதற்காக ஏ5 அளவுக்கு மாறி, ஏ4 தாளில் இரண்டிரண்டு பக்கங்களாக அச்சிட்டு, நடுவில் வெட்டிக் கட்டினோம். தாள் அதே 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை), பசையும் இயந்திரமும் அவையே. டிசம்பரில் கொடுத்த நாற்பது நூல்களில் பாதிக்கு மேல் ஜனவரி முடிவதற்குள் பிரிந்துவிட்டன. சென்ற வாரம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, ழகரப் பாடம் இருந்த தாளை இரண்டு கைகளாலும் ஏந்திவந்து, தான் கிழிக்கவில்லை என்று சொல்லி அழுதாள். அவள் சொன்னது உண்மை. தாளின் ஓரம் எங்கும் கிழியவில்லை. வெட்டியது வெட்டியபடியே நேராக இருந்தது.

நூலை விரித்தால் மேசையில் படியாமல் தானாக மூடிக்கொள்கிறது. முதுகை ஒட்டிய பகுதியில் தாள்கள் அலை அலையாக நெளிந்திருக்கின்றன. குளிர்ந்த காலைப் பொழுதில் விரித்தால் முதுகு படக்கென்று ஓசையிட்டு விரிசல் விடுகிறது. எங்கே தவறுகிறோம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: கரோல் பாக் நகல் கடைக்காரர்

அம்மா, முதலில் பசையின் சூட்டைப் பாருங்கள். ஈவிஏ என்னும் இந்தக் குருணைப் பசை பெரும்பாலும் 160 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரையில் வேலை செய்வது. விளக்கு பச்சையானவுடன் தொடங்காமல், இன்னும் கால் மணி நேரமாவது பொறுத்து, தொட்டி முழுவதும் ஒரே சீராக உருகிய பிறகு ஓட்டுங்கள். அவசரத் தேவைக்கு, ஓரத்தில் துளையிட்டுக் கம்பி வளையங்களால் கட்டும் வைரோ போட்டுவிடலாம். 80 தாள் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கனம் வரும். அரை அங்குல வைரோ தாராளமாகப் போதும்.

ஆசிரியை

நன்றி ஐயா. சூட்டைச் சரிபார்க்கிறேன். வைரோவைச் சென்ற ஆண்டு சில நூல்களுக்குப் போட்டுப் பார்த்தோம். பிள்ளைகளின் பையில் கம்பி நசுங்கி, பக்கம் புரளாமல் போனது. அலமாரியில் அடுக்கும்போது முதுகில் பெயர் தெரிய வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

பதில் 2: நரைனா பைண்டர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நரைனா தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளாக பைண்டிங் வேலை பார்ப்பவன் நான். தாள் கிழிந்து வந்திருந்தால் பசை பிடித்தது, தாள் தோற்றது என்று பொருள். உங்கள் தாளோ ஓரம் சிதையாமல் கழன்றிருக்கிறது. அப்படியானால் பசை தாளைப் பிடிக்கவே இல்லை. ஆனால் ஏ4 நூலில் அதே பசை பிடித்ததே என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பசையை மாற்றும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஏ5 நூலிலிருந்து கழன்ற ஒரு தாளை எடுத்து, முதுகுப் பக்கத்துக்கு இணையாக ஒரு முறையும், குறுக்காக ஒரு முறையும் கையால் மெதுவாகக் கிழியுங்கள். எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறது, எந்தப் பக்கம் வளைந்து ஓடுகிறது என்று எழுதுங்கள்.

ஆசிரியை

செய்து பார்த்தேன் ஐயா. முதுகுக்கு இணையாகக் கிழித்தபோது கிழிசல் கோணலாகப் பக்கத்துக்கு ஓடிவிட்டது. குறுக்காகக் கிழித்தபோது அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராக வந்தது.

நரைனா பைண்டர்

நான் நினைத்தது அதுவே. காகித ஆலையில் கூழ் கம்பிவலை மீது ஓடும்போது, ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்கள் நீளவாக்கில் படிகின்றன. இந்த நார் ஓட்டத்தைத்தான் அச்சகத்தில் கிரெயின் என்கிறோம். தாள் அந்தத் திசையில் நேராகக் கிழியும், அந்தத் திசைக்கு இணையாக எளிதில் மடியும். கடையில் கிடைக்கும் ஏ4 கட்டுகளில் நார் பெரும்பாலும் 297 மில்லிமீட்டர் நீளப் பக்கத்தில் ஓடுகிறது. ஆகவே உங்கள் ஏ4 நூலில் நார் முதுகுக்கு இணையாக அமைந்தது. அதே தாளை நடுவில் வெட்டி ஏ5 ஆக்கியவுடன், நீளப் பக்கம் குறுகிய பக்கமாகி, நார் முதுகுக்குக் குறுக்காகத் திரும்பிவிட்டது. உங்களை அறியாமல் நூலுக்குள் நேர்ந்த மாற்றம் இது ஒன்றுதான். நீங்கள் சொன்ன எல்லாக் குறைகளும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

நார் குறுக்காக இருக்கும்போது ஒவ்வொரு பக்கத்தையும் திருப்ப நார்களையே வளைக்க வேண்டியிருக்கிறது. தாள் விறைத்து நின்று, நெம்புகோல்போல் முதுகிலுள்ள பசையைத் தூக்குகிறது. நூல் தானாக மூடிக்கொள்வதும் அதனால்தான். அலைக்கும் காரணம் உண்டு. நார் ஈரத்தை உறிஞ்சினால் நீளத்தில் அதிகம் நீளாது, பருமனில் உப்பும். ஆகவே தாள் நாருக்குக் குறுக்கான திசையில்தான் விரியும். உங்கள் நூலில் அந்தத் திசை முதுகின் உயரத்தில் விழுகிறது. லேசர் பொறியின் சூட்டில் உலர்ந்து வந்த தாள் பிறகு காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியப் பார்க்கிறது. வெளி ஓரம் விரிந்துவிடும், முதுகோ பசையில் கட்டுண்டு விரிய முடியாமல் நெளிகிறது.

இதோடு இரண்டு குறைகள் சேர்ந்துவிட்டன. வெட்டும் கத்தி தாளின் ஓரத்தை அழுத்தி மழமழப்பாக்கிவிடுவதால், சுரண்டாத முதுகில் பசை மேலோடு நிற்கும். ஈவிஏ குளிரில் விறைத்து உடையக்கூடியது என்பது இன்னொன்று. குளிர்ந்த தாளில் பட்டவுடன் ஆடை கட்டிவிடுவதால் நார்களுக்குள் இறங்கவும் நேரமில்லை. தில்லி ஜனவரியில் சூடேற்றாத அறையில் ஒட்டினால், எங்கள் பெரிய இயந்திரத்தில்கூட இந்தத் தொல்லை வரும்.

அடுத்த பதிப்புக்கு நார் முதுகாக அமையும் 210 மில்லிமீட்டர் நீளப் பக்கத்தில் ஓடும்படி வெட்டிய ஏ5 தாளையே வாங்கி, நேரடியாக ஏ5 அளவில் அச்சிடுங்கள். நார் குறுகிய பக்கத்தில் ஓடும் ஏ4 வாங்கி அச்சிட்டு வெட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். குறுகிய ஓரத்தை முன்னால் விட்டுத் தாள் இழுக்கும் சிறிய அச்சுப்பொறியில் அந்தத் தாள் சுருண்டு சிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டுவதற்கு முன் தாள் கட்டை இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுக்கி, முதுகை 60 எண் உப்புத்தாளால் நார் எழும்பும்வரை தேய்த்து, இரும்பறுக்கும் ரம்பத் தகட்டால் அரை அங்குலத்துக்கு ஒன்றாக ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் கீறி, தூசியைத் தூரிகையால் முழுவதும் தட்டிவிடுங்கள். தூசி நின்றால் பசை தூசியைத்தான் பிடிக்கும்.

பதில் 3: தில்லியில் பணிபுரியும் நூலகர்

பைண்டர் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிரிந்துபோன நூல்களைக் காப்பாற்ற ஒரு வழி சொல்கிறேன். நூலகத்தில் கையால் செய்வது, எமில் லும்பெக் என்ற ஜெர்மானியர் பெயரால் அறியப்படுவது. பழைய பசையை முழுவதும் நீக்கி, முதுகில் இரண்டு மில்லிமீட்டர் வெட்டி நேராக்கி, தாள் கட்டை ஒரு பக்கமாக விசிறிபோல் சரித்துப் பிடித்து வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். பிறகு மறு பக்கமாகச் சரித்து மறுபடியும் தடவுங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு தாளின் இரு முகங்களிலும் மயிரிழை அகலத்துக்குப் பசை ஏறுகிறது. வெறும் ஓரத்தில் ஒட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகப் பெரிது. நேராக்கி இறுக்கி, முதுகின் மேல் மருந்துக்கடையில் கிடைக்கும் காஸ் துணியை ஒட்டி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அந்த வெள்ளைப் பசை உலர்ந்த பிறகும் வளையும் பிவிஏ வகையாக இருக்கட்டும்.

ஆசிரியை (நான்கு நாள் கழித்து)

நூலகர் ஐயா சொன்ன முறையில் மூன்று நூல்கள் செய்தேன். மணம் வீட்டில் பரவ வேண்டாம் என்று இரவில் பால்கனியில் வைத்தேன். காலையில் பசை கண்ணாடிபோல் தெளியாமல், சுண்ணாம்புபோல் வெளுத்து இருந்தது; நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது. தாள்களும் நிற்கவில்லை. பசை கெட்டுப்போனதா?

நூலகர்

பசை கெடவில்லை அம்மா. குளிரை எச்சரிக்காமல் விட்டது என் பிழை, மன்னிக்க வேண்டும். வெள்ளைப் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துளிகள். தண்ணீர் போனதும் அந்தத் துளிகள் ஒன்றோடொன்று இளகி இணைந்தால்தான் தொடர்ச்சியான படலம் உண்டாகும். அதற்கு ஒரு குறைந்த அளவு வெப்பம் வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் பல பசைகளில் துளிகள் இணையாமல் தனித்தனியே காய்ந்து, நீங்கள் பார்த்த வெள்ளைப் பொடியாகிவிடும். அதன் மேலேயே மறுபடி பூசாதீர்கள். பொடியைச் சுரண்டி, முதுகை மீண்டும் உப்புத்தாளால் தேய்த்து, பசையையும் தாளையும் அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டுக்குள்ளேயே உலர விடுங்கள்.

கரோல் பாக் நகல் கடைக்காரர்

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு ஏ4 தாளை ஒன்றாக மடித்து 16 பக்கத் தொகுதியாக்கி (இதைப் பாரம் என்பார்கள்) நூலால் தைத்தால் இந்தத் தொல்லையே இராதே?

நரைனா பைண்டர்

தைத்த நூல் நிற்கும். 160 பக்கத்துக்குப் பத்து பாரம் வரும். ஆனால் ஏ4 தாளை மடித்தாலும் நார் மடிப்புக்குக் குறுக்காகத்தான் இருக்கும் என்பதால், தாள் கழலாதே தவிர நூல் விறைப்பாகவே திறக்கும். கையால் நாற்பது நூல் தைக்க ஆள் வேண்டும்.

ஆசிரியை (பத்து நாள் கழித்து)

ஐயா இருவருக்கும் நன்றி. வீட்டுக்குள் வைத்துச் செய்த நூல்களில் பசை தெளிந்து உலர்ந்தது. ஒரு நூலை நடுவில் விரித்து, ஒரே ஒரு தாளில் இரண்டு கிளிப்புகளை மாட்டி, அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் புட்டியைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம் பார்த்தேன், தாள் அசையவில்லை. டிசம்பரில் இயந்திரத்தில் ஒட்டிய நூலில் அதே புட்டியை மாட்டி, கையை முழுவதும் எடுப்பதற்குள் தாள் கழன்றுவிட்டது. அழுத சிறுமியின் நூலையும் சரிசெய்து கொடுத்துவிட்டேன். அலை மட்டும் போகவில்லை. அது தாளோடு வந்தது என்று இப்போது புரிகிறது.

புதிய நாற்பது நூல்களுக்கு 3,200 ஏ5 தாள் வேண்டும். வீணாவதற்கும் சேர்த்து 3,500 வாங்க நாளை சாவ்ரி பஜார் போகிறேன். கடைக்காரரிடம் என்னவென்று கேட்க வேண்டும்?

நரைனா பைண்டர்

பெரிய தாளிலிருந்து ஏ5 வெட்டித் தரும் கடையாகப் பாருங்கள். நார் 210 பக்கத்தில் ஓட வேண்டும் என்று சொல்வதோடு நிற்காமல், கத்தி இறங்கும் முன் ஒரு பெரிய தாளை வாங்கி இரு பக்கமும் கிழித்துப் பார்த்து, நார் ஓடும் திசையில் பென்சிலால் அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிடுங்கள். வெட்டுபவர் கட்டைத் திருப்பி வைத்துவிட்டால் 3,500 தாளும் பழைய கதைதான். வீட்டுக்கு வந்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் அதே அறையில் வையுங்கள். சிறிய அச்சுப்பொறிகள் பலவற்றில் ஏ5 தாளுக்குத் தானாக இரு பக்கமும் அச்சிடும் வசதி இல்லை; முதலில் பத்துத் தாளில் முன்பக்கத்தை அச்சிட்டு, கையால் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தலைகீழாக வருகிறதா என்று பார்த்த பிறகு முழுக் கட்டையும் ஓட்டுங்கள்.