ஃபிரிட்ஜ் சாப்பாட்டை நாய் தொடவே மாட்டேன் என்கிறது, சூடு பண்ணித்தான் போட வேண்டுமா?

சத்துவாச்சாரி மீனா
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மணிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, நாட்டு நாய். ராத்திரி கோழி, அரிசி, கேரட் சேர்த்து உப்பில்லாமல் வேகவைத்து, பாதியை ஆறவைத்துப் போடுவேன். தட்டை நக்கித் துடைத்துவிடும். மீதி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில். காலையில் அதே சாப்பாட்டை எடுத்து வைத்தால் மோந்து பார்த்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்கிறது. வெளியிலேயே வைக்கலாம் என்றால் வேலூர் வெயில் தெரியுமே, சோறு நூல் விட்டுவிடும். மாமியார் "நாய்க்குச் சூடாகப் போட்டால் மோப்பம் போயிடும், வெறி பிடிக்கும்" என்கிறார். வீட்டுக்காரர் "பசிச்சா தானா தின்னும், விடு" என்கிறார். என்ன செய்யட்டும்?

காட்பாடி ஜங்ஷன்
மேடம், மோந்துவிட்டுப் போகிறதா, இல்லை வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா? இரண்டும் வேறு வேறு. முதலாவது வாசனைப் பிரச்சினை, இரண்டாவது வாய்ப் பிரச்சினை. தண்ணீர் வழக்கம்போல் குடிக்கிறதா?

சத்துவாச்சாரி மீனா
மோந்துவிட்டுத்தான் சார் போகிறது. தண்ணீர் குடிக்கிறது, வாக்கிங் வருகிறது, பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது.

காட்பாடி ஜங்ஷன்
அப்படியென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. நாய்க்கு நாக்கைவிட மூக்குதான் சாப்பாட்டைச் சொல்லும். ஃபிரிட்ஜ் குளிரில் வாசனை மேலே எழும்பாது. டப்பாவைத் திறந்து பாருங்கள், கோழிச் சாறு ஜெல்லி மாதிரி உறைந்து, மேலே வெள்ளையாகக் கொழுப்புப் படிந்து, சோறும் விறைத்துப் போயிருக்கும். இளசாக இருந்தால் அதையும் விழுங்கிவிடும். வயதான நாய்க்கு மோப்பம் கொஞ்சம் மங்கும், அதற்கு அந்தத் தட்டில் சாப்பாடு இருப்பதே சரியாகப் பிடிபடாது.

நாயின் உடம்புச் சூடே 38, 39 டிகிரி. அந்த அளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கொதிக்கக் கூடாது, நாக்கு வெந்துபோகும். எளிய வழி, ஒரு கிண்ணத்தில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டுக் கையால் பிசையுங்கள். மைக்ரோவேவ் என்றால் ஓர் இடம் சில்லென்றும் இன்னோர் இடம் நெருப்பாகவும் இருக்கும், நன்றாகக் கிளறி, விரலை நடுவில் விட்டுப் பார்த்த பிறகே தட்டை வையுங்கள்.

நாளைக் காலை ஒரு சோதனை செய்யுங்கள். பாதி சில்லென்று, பாதி வெதுவெதுப்பாக, இரண்டு தட்டு பக்கத்தில் பக்கத்தில்.

குடியாத்தம் தம்பி
எங்கள் லேப் குட்டி கத்திரி வெயிலில் ஃபிரிட்ஜ் தயிர்சாதத்தை அப்படியே அடிக்கிறது. அது தப்பா அண்ணா? அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மிஞ்சும் ஆம்பூர் பிரியாணியைச் சூடு பண்ணிப் போடலாமா?

காட்பாடி ஜங்ஷன்
சில்லென்று சாப்பிடுவது தப்பே இல்லை தம்பி. சூடு பண்ணுவது ஆசை காட்டத்தான், அதில் தனியாகச் சத்து ஒன்றும் ஏறிவிடாது. தயிர்சாதத்தில் வெங்காயம் தாளிப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியாணி சூடோ ஆறியதோ, வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஆம்பூர் பிரியாணி நமக்கு இருக்கட்டும்!

வாலாஜா அக்கா
மீனா, ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்மா. ராத்திரி மூடி வைத்த சோற்றைக் காலையில் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும், அது வேகவைத்தாலும் சாகாது. நம்ம ஊர் வெக்கையில் முளைத்து நஞ்சைக் கக்கிவிடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் வெந்ததும் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, வெயில் நாளென்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடு. ஒரு தடவை சூடு பண்ணி மிஞ்சினதைத் திரும்ப டப்பாவில் கொட்டாதே.

பாக்கெட் தீனி போடுகிறவர்களும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் வாசனை கிளம்பும். ஆனால் ஊறினது நேரம் ஆனால் புளித்துவிடும், சாப்பிடாவிட்டால் எடுத்துவிட வேண்டும்.

மாமியாரிடம் சண்டை போடாதே. வெறிநோய் வைரஸால் வருவது, பெரும்பாலும் கடியால். சோற்றுச் சூட்டால் வராது. வருஷா வருஷம் ஊசி போட்டிருந்தால் கவலையில்லை என்று சொல்லு.

அப்புறம், சூடான சாப்பாட்டையும் ஒரு நாள் முழுக்க ஒதுக்கினால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதே. உதட்டைத் தூக்கி ஈறைப் பார். வெளுத்திருந்தாலோ, உடம்பு கொதித்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காது மடிப்பிலும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சத்துவாச்சாரி மீனா
அக்கா, சார், இரண்டு தட்டு வைத்தேன். சில்லென்று இருந்ததை ஒரு மோப்பம், அவ்வளவுதான். வெதுவெதுப்பானது காலி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. தலையைச் சாய்த்து ஒரே பக்கமாக மெல்லுகிறது, பெரிய கோழித்துண்டைக் கீழே போட்டுத் திரும்ப எடுக்கிறது. கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மேல் கடைவாய்ப் பல்லில் காரை மஞ்சளாகக் கட்டியிருக்கிறதாம், ஈறும் சிவந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யலாம் என்றார் டாக்டர். பிஸ்கட்டை மட்டும் எப்படிச் சாப்பிட்டது?

வாலாஜா அக்கா
பிஸ்கட்டை மெல்லாமலே விழுங்கியிருக்கும்மா. ஆசைப்பட்ட பொருளுக்கு வலி தெரியாது.

காட்பாடி ஜங்ஷன்
அப்போ வாசனையும் வாயும் இரண்டும்தான் காரணம். விறைத்த சோறும் உறைந்த கொழுப்பும் வலிக்கும் வாய்க்கு வேறு உறுத்தியிருக்கும். சுத்தம் செய்யும்வரை கோழியை நாராக உதிர்த்துக் குழையப் பிசைந்து போடுங்கள். கால் எலும்பு, நல்லி எலும்பு எல்லாம் நிறுத்துங்கள், அந்தக் கடைவாய்ப் பல் உடைவதே பெரும்பாலும் அதனால்தான். கண்ணுக்குக் கீழே வீக்கம் தெரிந்தால் பல்வேரில் சீழ் கோத்திருக்கலாம், தேதி வரும்வரை காத்திராமல் உடனே காட்டுங்கள். மயக்கம் கொடுக்கும் நாளில் எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைப்பது முக்கியம். "பாவம்" என்று யாராவது ஒரு கவளம் போட்டுவிட்டால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

சத்துவாச்சாரி மீனா
சரிங்க சார். அந்தக் கவளம் போடுகிற ஆள் யாரென்று தெரியும், இன்றைக்கே அத்தையிடம் சொல்லிவிடுகிறேன்.