பித்தப்பை எடுத்து மூன்று மாதம்: சாப்பிட்டு இருபது நிமிடத்தில் ஓட வேண்டியிருக்கிறது

குலசேகரத்தான்:

எனக்கு 46 வயது. மினிபஸ் ஓட்டுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரத்தில் எடுத்தால் திருவட்டாறு, ஆற்றூர் வழியாக மார்த்தாண்டம், திரும்ப அதே வழி. பித்தப்பையில் கல் என்று மூன்று மாதத்துக்கு முன்பு துளை போட்டு எடுத்துவிட்டார்கள். நாலு சின்னத் தழும்புதான். பழைய வலி போயே போச்சு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது வயிறுதான் படுத்துகிறது. காலையில் ஆறரைக்குக் கடையில் இரண்டு பருப்பு வடையும் ஒரு பால்சாயாவும் குடித்துவிட்டு வண்டியை எடுப்பேன். பத்து வருசப் பழக்கம். இப்போது திருவட்டாறு தாண்டுவதற்குள் வயிற்றைப் பிசைகிறது. போன வாரம் ஆற்றூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கிவிட்டு இறங்கி ஓடினேன். உள்ளே முப்பது பேர். "அண்ணன் டயர்ல காத்து பாக்கப் போயிருக்காரு" என்று கண்டக்டர் பையன் சமாளித்தான். காற்று பார்ப்பவன் கழிவறைக்குள் பத்து நிமிடம் என்ன செய்கிறான் என்று யாரும் கேட்கவில்லை, புண்ணியம். போவது மஞ்சளாக, தண்ணியாக, எரிச்சலோடு போகிறது.

வீட்டில் அம்மா கஞ்சி தவிர வேறெதுவும் தரமாட்டேன் என்கிறாள். டிஸ்சார்ஜ் சீட்டில் "எண்ணெய் குறைக்கவும்" என்று ஒரே வரி. தேங்காய் இல்லாமல் நம்ம ஊரில் என்ன சமையல் இருக்கிறது? தீயலுக்கு வறுத்த தேங்காய், அவியலுக்கு அரைத்த தேங்காய், துவரனுக்குத் துருவிய தேங்காய். எடையும் 5 கிலோ குறைந்துவிட்டது. தேங்காய் எண்ணெய்க்குப் பித்தநீரே வேண்டாம், எவ்வளவும் சேர்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? அல்லது ஆயுசுக்கும் கஞ்சிதானா?

தக்கலை அக்கா:

தம்பி, கஞ்சியிலேயே கிடக்க வேண்டாம். எனக்கு எடுத்தது 2019-இல். தையல் மிஷினை விட்டு ஐந்து தடவை எழுந்து ஓடின ஆள் நான். அளவெடுக்க ஆள் நிற்கும்போது ஓடினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

முதலில் மிளகாய்தான் காரணம் என்று நினைத்து எல்லாவற்றையும் சப்பென்று சமைத்தேன். ஒன்றும் மாறவில்லை. அப்புறம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் என்ன தின்றேன், எத்தனை தடவை போனேன் என்று ஒரு மாதம் எழுதினேன். பார்த்தால் பாதிக்கு மேல் ஞாயிறும் திங்களும்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாளைக்கறி (மத்தி மீன்), பொரித்த மீன், தேங்காய்ப்பால் விட்ட ஒரு கறி எல்லாம் ஒரே தட்டில். ஒவ்வொன்றாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாதது, மூன்றும் ஒரே நேரம் விழுந்தால் தாங்கவில்லை.

நான் தேங்காயை விடவில்லை. நாலு பேர் மீன்கறிக்கு ஒரு முழுத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். அதை அரைமுறி ஆக்கி, கறி கெட்டியாவதற்குக் கொஞ்சம் சின்ன உள்ளியும் கொத்தமல்லியும் கூட்டி அரைத்தேன். புளியும் அரைத்த மசாலாவும் சரியாக இருந்தால் எங்கள் வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. சாளை நெய் உள்ள மீன். அது மாதம் ஒன்றிரண்டு தடவை, மற்ற நாளெல்லாம் நெத்திலி. மீனைக் கறியில் போடுங்கள், பொரிக்காதீர்கள்.

உங்கள் காலைச் சாப்பாடுதான் எனக்கு ஆகவில்லை. ராத்திரி முழுக்க வெறும் வயிறு, எழுந்ததும் எண்ணெய் வடை, மேலே பால்சாயா. வடையை விட்டுவிட்டு இரண்டு இட்லியோ புட்டும் பயறுமோ சாப்பிடுங்கள். சாயாவைப் பால் விடாமல் கட்டனாகக் கால் கிளாஸ், அதுவும் சாப்பிட்ட பிறகு. ஒரு மட்டி வாழைப்பழம் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து மணிக்குத் தின்னலாம். மதியம் வரைக்கும் பட்டினி கிடந்து இரண்டு மணிக்கு ஒரேயடியாக ஏற்றுவது டிரைவர்மார் எல்லோரும் செய்வது, அதுதான் ரொம்பக் கெடுதல்.

மருந்துச் சீட்டு:

அண்ணன், நான் மருந்துக் கடையில் நிற்கிறவன், டாக்டர் இல்லை. அக்கா சமையல் சொல்லிவிட்டார், நான் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பித்தநீர் சுரப்பது பித்தப்பையில் அல்ல, கல்லீரலில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். பித்தப்பை அதில் கொஞ்சத்தைக் கெட்டியாக்கி வைத்திருந்து, கொழுப்பு வந்ததும் பிழிந்து விடும் பை. இப்போது பை இல்லை, அதனால் பித்தநீர் நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதை மீறிப் பெருங்குடலுக்குப் போவது அங்கே தண்ணீரை இழுக்கிறது. உங்கள் மஞ்சள் நிறமும் எரிச்சலும் இதனால் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில், சில மாதத்தில் அடங்கிவிடும். அடங்காதவர்களுக்குப் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் கோலெஸ்டிரமின் என்ற பொடி உண்டு. டாக்டர் எழுதினால் மட்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குடித்தால் அவற்றையும் பிடித்துக்கொள்ளும், அதனால் நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. சங்கிலி குட்டையான கொழுப்பு அமிலங்களுக்குப் பித்தநீர் அவ்வளவாக வேண்டியதில்லை, சரி. ஆனால் தேங்காய் எண்ணெயில் அவை கொஞ்சம்தான். ஏறக்குறைய பாதி இருப்பது லாரிக் அமிலம், அது உடம்பில் பெரும்பாலும் நீளச் சங்கிலிக் கொழுப்பு மாதிரியே நடந்துகொள்ளும், அதற்குப் பித்தநீர் வேண்டும். நூறு கிராம் தேங்காய்த் துருவலில் 30 கிராமுக்கு மேல் கொழுப்பு, ஏறக்குறைய ஏழு டீஸ்பூன் எண்ணெய்க்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கேள்வி. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா? அதுவும் வயிற்றுப்போக்கு தரும். ஐந்து கிலோ குறைந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? அதைப் பித்தப்பை எடுத்ததன் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கண் மஞ்சளானாலோ, மூத்திரம் கறுத்து மலம் வெளுத்தாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, பழைய இடத்தில் வலி திரும்பினாலோ அன்றைக்கே போய்விடுங்கள். பித்தக்குழாயில் ஒரு கல் தங்கியிருக்கலாம். ரத்தம் போனாலும் அப்படியே.

ஓய்வு வாத்தியார்:

தைரியமாக இருங்கள். பித்தப்பையை முதன்முதலில் அறுத்து எடுத்தவர் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக், 1882-இல். அந்த நோயாளியும் பிழைத்துக்கொண்டார். குதிரைக்குப் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது, அது ஓடாமலா இருக்கிறது?

குலசேகரத்தான்:

சார், குதிரை புல் தின்கிறது. வடை தின்னச் சொல்லிப் பாருங்கள்.

மருந்துக் கடைத் தம்பி கேட்டது சரியான இடத்தில் பட்டது. ஆபரேஷனுக்கு எடுத்த ரத்தச் சோதனையில்தான் எனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. அன்று தொடங்கியது மெட்ஃபார்மின், நாளைக்கு இரண்டு. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததால் பழியெல்லாம் பித்தப்பைக்குப் போய்விட்டது. டாக்டரிடம் போனேன், எடை குறைந்ததையும் சொன்னேன். ஸ்கேன், ரத்தம் எல்லாம் மறுபடி பார்த்தார், குழாயில் கல் இல்லை. மாத்திரையை மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றி, ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று என்றார். பொடியை இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

பதினெட்டு நாள் ஆகிறது. காலையில் புட்டும் பயறும். நாலு தடவை போனது ஒன்று, இரண்டு ஆகிவிட்டது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நேற்று கடைசி நடை முடிந்து மார்த்தாண்டத்தில் வண்டியைப் போட்டுவிட்டு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) நெத்திலிக்கறியும் அரைத் தட்டு தின்றேன். பக்கத்தில் கழிவறை எங்கே என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தேவைப்படவில்லை.

அக்கா, ஞாயிறு மச்சினன் மகளுக்கு நிச்சயதார்த்தம். பிரியாணி. என்ன செய்ய?

தக்கலை அக்கா:

ஒரு கரண்டி, துண்டில் உள்ள கொழுப்பைத் தள்ளிவிட்டு. பொரித்த கோழியைத் தொடாதீர்கள். அன்றைக்கு வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.