மியூவான் கணக்கில் ஒரு முடிச்சு, உதவுங்கள்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அடுத்த வாரம் சார்பியல் வகுப்பு. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

10 கி.மீ. உயரத்திலிருந்து, ஒளிவேகத்தில் 99.5 சதவீதத்தில் மியூவான் (சீக்கிரமே சிதைந்துவிடும் நுண்துகள்) இறங்குகிறது. காமா மதிப்பு, அதாவது நேரம் நீளும், தூரம் சுருங்கும் மடங்கு, 10. பயணம் நம் கடிகாரத்தில் 33.5 மைக்ரோவினாடி, மியூவானுக்கு 3.35தான். சராசரி ஆயுளே 2.2 என்றாலும் ஐந்தில் ஒன்றாவது தரையைத் தொட்டுவிடும். இதுவரை சரி.

மியூவான் பக்கமிருந்து பார்த்தால் தூரம் 1 கி.மீ. ஆகச் சுருங்குகிறது. அதுவும் புரிகிறது. ஆனால் அதற்கு ஓடுவது பூமியாயிற்றே! அப்படியானால் மெதுவாவது நம் கடிகாரம், 0.335 மைக்ரோவினாடிதானே நகர்ந்திருக்க வேண்டும்?

ஒருவரின் நேரத்தையும் தூரத்தையும் இன்னொருவரின் அளவுக்கு மாற்றித் தரும் லாரன்ஸ் சமன்பாட்டில் போட்டால் 33.5 கச்சிதமாக வருகிறது, காரணம்தான் பிடிபடவில்லை. விண்வெளி போய்த் திரும்புகிறவர் தன் இரட்டையரைவிட இளையவராக இருப்பார் என்ற இரட்டையர் புதிரின் விளக்கமும் பொருந்தவில்லை. மியூவான் திரும்பி வருவதே இல்லை.

மீதி 33 மைக்ரோவினாடி எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டு எப்படி விளக்குவது?