தாத்தா வீட்டுக் கிளைகள்: இந்தியா 1, சிங்கப்பூர் 2

குடும்பக் குழு அரட்டை, 14 அக்டோபர் 2025, செவ்வாய் இரவு

கார்த்திக்: இடைவேளைக்கு ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம்! அதுவரை தாங்கியிருக்கக் கூடாதா?

அம்மா: என்ன ஆயிற்று? யாருக்கு என்ன?

அத்தை: பயப்படாதீர்கள் அண்ணி, கால்பந்துதான், இந்தியா-சிங்கப்பூர் ஆட்டம். இங்கே உங்கள் தம்பியும் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அதிரச மாவைக் கிளறச் சொன்னேன், காதில் விழவில்லை.

ராஜா அத்தான்: 1-1. சாங் யூ-யங் வாழ்க! கொரியாவில் பிறந்து 2021-ல் எங்கள் குடிமகன் ஆனவர். நாங்கள் ஆள் தேர்ந்தெடுக்கும் அழகைப் பாருங்கள்.

கார்த்திக்: "எங்கள்" என்றால் யார் அத்தான்? நீங்கள் பிறந்தது அயனாவரத்தில்.

ராஜா அத்தான்: என் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டின் நிறம் சிவப்பு, தம்பி.

மீனா அக்கா: கார்த்திக், அர்ஜுன் இன்னும் தூங்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு சோஃபாவில் குதிக்கிறான். நான் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திக்: இரண்டாவது பாதியில் பார்க்கலாம். பதினான்காவது நிமிடத்தில் நம் சாங்தே கோல் போட்டார். கோவாவின் மட்காவ், நம் மைதானம், நம் கூட்டம். அதன் பிறகு இன்னொரு கோலுக்குப் போகாமல் கடையைச் சாத்திவிட்டுக் காவல் காத்தால் இதுதான் நடக்கும். பயிற்சியாளர் காலித் ஜமீல் வெளியே நின்று என்ன செய்துகொண்டிருந்தார்?

அம்மா: நீ சாப்பிட்டாயா?

கார்த்திக்: இல்லை.

கார்த்திக்: இல்லை இல்லை இல்லை. 58-வது நிமிடம். மறுபடியும் அதே சாங்.

ராஜா அத்தான்: 🇸🇬🇸🇬

அர்ஜுன் (மீனா அக்காவின் கைப்பேசியில்): கார்த்தி மாமா பாவம். ஆனால் நாங்கள்தான் ஜெயிப்போம்.

கார்த்திக்: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மீனா அக்கா: நீக்கியது நல்லதாகப் போயிற்று. குழந்தை படிக்கிறான்.

.

கார்த்திக்: முடிந்தது. நான்கு ஆட்டம், இரண்டு புள்ளி. வங்கதேசத்துடன் 0-0, ஹாங்காங்கிடம் 0-1, போன வியாழக்கிழமை சிங்கப்பூர் கல்லாங்கில் 1-1, இன்று 1-2. மீதி இரண்டு ஆட்டத்தையும் வென்றாலும் எட்டுதான். சிங்கப்பூரிடம் இப்போதே எட்டு இருக்கிறது, நேருக்கு நேரிலும் அவர்கள்தான் முன்னால். 2027 ஆசியக் கோப்பை சவூதியில் நடக்கும், நாம் வீட்டிலிருந்து பார்ப்போம். 2019-ல் ஆடினோம், 2023-ல் ஆடினோம், இப்போது தகுதிச் சுற்றிலேயே படுத்துவிட்டோம்.

ராஜா அத்தான்: 2023-ல் ஆடியதையும் சொல். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை.

கார்த்திக்: அத்தான், நீங்கள் 1984-ல் போட்டியை நடத்தியதால் உள்ளே போனவர்கள். சொந்தமாகத் தகுதி பெற்று ஒருமுறையும் போனதில்லை.

ராஜா அத்தான்: இந்த முறை போவோம் போலிருக்கிறது. அதுதான் செய்தி.

அம்மா: நூற்று நாற்பது கோடிப் பேரில் ஒழுங்காகப் பந்து உதைக்கப் பதினொரு பேர் கிடைக்கவில்லையா?

செல்வம் மாமா: அக்கா, அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதே. 45 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆளை எண்ணினால் அணி கிடைக்காது, மைதானத்தை எண்ண வேண்டும்.

அத்தை: வந்துவிட்டார். ஒரு விரலால் தட்டுகிறார், எல்லோரும் பொறுமையாக இருங்கள்.

கார்த்திக்: மாமா, நீங்களே சொல்லுங்கள். ஒரு கோல் முன்னிலை வைத்துக்கொண்டு பின்வாங்குகிற பயிற்சியாளரை என்ன செய்வது?

*செல்வம் மாமா தட்டச்சு செய்கிறார்…*

ராஜா அத்தான்: இங்கே மணி பன்னிரண்டு. மாமா முடிப்பதற்குள் தீபாவளி வந்துவிடும்.

செல்வம் மாமா: பின்வாங்கு என்று அவர் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை மாப்பிள்ளை. ஆட்டப் பழக்கம் இல்லாத கால் தானாகவே பின்னால் போகும். வழக்கமாக இந்நேரம் நம் கிளப்புகள் ஆடும் ஐஎஸ்எல் தொடர் தொடங்கியிருக்கும். இந்த ஆண்டு இன்னும் தொடங்கவில்லை. நடத்துகிறவர்களுக்கும் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் உள்ள ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன என்று முடிவாகாததால் ஜூலையிலேயே நிறுத்தி வைத்தார்கள். வாராவாரம் ஆடாதவனுக்கு முதல் இருபது நிமிடம் உடம்பில் இருக்கும். பிறகு அவன் பந்தைப் பார்க்க மாட்டான், கடிகாரத்தைப் பார்ப்பான்.

கார்த்திக்: அப்படியானால் பயிற்சியாளர் மேல் தவறே இல்லையா?

செல்வம் மாமா: ஜமீலை ஆகஸ்டில்தான் கொண்டுவந்தார்கள். அந்தச் சில வாரத்திலேயே காஃபா நேஷன்ஸ் கோப்பையில் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரில் வென்றார், ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் வாங்கிக் கொடுத்தார். 2017-ல் மிசோரமின் சின்ன கிளப்பான ஐசாலை வைத்துக்கொண்டு ஐ-லீக் தொடரை வென்ற மனிதர். இல்லாததை வைத்துக் குழம்பு வைக்கத் தெரிந்தவர். அவரிடம் கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரிசையில் கடைசியாக நிற்கிறவரைப் பிடித்து அடிக்காதே.

கார்த்திக்: சரி, முன்னால் நின்றவரிடம் போகிறேன். முந்தைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ். எட்டு ஆட்டம், ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவிடம். தேசிய அணிக்கும் பயிற்சியாளர், எஃப்சி கோவா கிளப்புக்கும் பயிற்சியாளர். உலகத்தில் எங்காவது இப்படி உண்டா?

அம்மா: இரண்டு அடுப்பைப் பார்க்கிறவர் ஒரு பாலைப் பொங்கவிடுவார்.

கார்த்திக்: அம்மாவுக்குத் தெரிந்தது சம்மேளனத்துக்குத் தெரியவில்லை. ஜூன் 10, ஹாங்காங் காய் டாக் மைதானம். தொண்ணூறு நிமிடம் 0-0 என்று ஒட்டிக்கொண்டு நின்றோம். கடைசியில் சேர்த்த நிமிடங்களில் நம் கோல்கீப்பர் கைத் வெளியே பாய்ந்து ஆளை இடித்தார், பெனால்டி, முடிந்தது. அன்று இரவும் நான் சாப்பிடவில்லை.

அம்மா: இன்றும் சாப்பிடவில்லை. தட்டு மேசைமேல் மூடி இருக்கிறது.

கார்த்திக்: எல்லாவற்றையும்விட எரிச்சல் சேத்ரி விஷயம். 2024 ஜூன் 6, கொல்கத்தாவில் குவைத்துடன் ஆடிவிட்டுக் கண்ணீரோடு விடைபெற்றார். நாமும் அழுதோம். ஒன்பதே மாதத்தில் மனோலோ மறுபடியும் அழைத்து வருகிறார். இப்போது அவருக்கு வயது 41. அவரைக் குறை சொல்லவில்லை, 95 கோல் போட்ட கால் அது. ஆனால் கோல் போடுவதற்கு வேறு ஆளே தயார் செய்யவில்லை என்று ஒரு பயிற்சியாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி இல்லையா?

அம்மா: 41-ஆ? உன் அப்பாவுக்கு அந்த வயதில் மாடிக்குத் தண்ணீர்க்குடம் தூக்கினாலே மூச்சு வாங்கும்.

செல்வம் மாமா: கேள். போன ஐஎஸ்எல்-இல் சேத்ரி 14 கோல். இந்திய வீரர்களில் அவர்தான் முதல். நாற்பது வயதுக்காரர் முதலிடத்தில் நிற்கும்போது எந்தப் பயிற்சியாளரும் அவரைத்தான் கூப்பிடுவார், நானும் கூப்பிடுவேன். முதலிடத்தில் அவர் ஏன் நின்றார் என்பதுதான் கேள்வி. கிளப்புகள் ஒன்பதாம் எண் சட்டையை, அதாவது நடுவில் நின்று கோல் போடுகிறவர் இடத்தை, வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. நம் பையன் ஓரத்தில் ஓடுகிறான், பந்தை உள்ளே கொடுக்கிறான், திரும்பி வருகிறான். காலையில் என்னிடம் பயிற்சிக்கு முப்பது பையன்கள் வருகிறார்கள். சட்டை பிரிக்கும்போது ஓரத்தில் ஓடுகிறவர்களின் ஏழுக்கும் பதினொன்றுக்கும் அடிதடி. ஒன்பது கடைசிவரை பையிலேயே கிடக்கும். போன வாரம் அதை எடுத்து ஒருவனிடம் நீட்டினேன். "வேண்டாம் சார், அதில் ஆடினால் பெரிய டீமில் இடம் கிடைக்காது" என்றான். வயது பன்னிரண்டு. பல் விழுந்து முளைத்த கையோடு சந்தை நிலவரம் சொல்கிறான்.

மீனா அக்கா: 😔

ராஜா அத்தான்: மாமா, கிண்டலை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன். இங்கேயும் பிரச்சினை இல்லாமல் இல்லை. பையன்கள் பதினெட்டு வயதில் ராணுவ சேவைக்குப் போய்விடுகிறார்கள், இரண்டு வருடம். திரும்பி வந்து எத்தனை பேர் ஆட்டத்தைத் தொடர்கிறார்கள்?

செல்வம் மாமா: அப்படியிருந்தும் வந்து வென்றுவிட்டுப் போனீர்கள். வாழ்த்துகள், மாப்பிள்ளை. மனதாரச் சொல்கிறேன்.

கார்த்திக்: மாமா சிங்கப்பூருக்கு வாழ்த்துச் சொல்கிறார். இன்றைக்கு இதையும் பார்த்துவிட்டேன்.

செல்வம் மாமா: பயிற்சியாளர் முடிவு என்றால் என்ன என்று சொல்கிறேன், கேள். 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்துடன் ஆடும்போது ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல். அவர் தடுப்பாட்டக்காரர், அணியின் சுவர். வேறு யாராக இருந்தாலும் அவரை ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். பயிற்சியாளர் ரஹீம் சாஹிப் அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே தென் கொரியா. அரங்கமே நமக்கு எதிராகக் கத்துகிறது. கோல் காக்கத் தங்கராஜ், காய்ச்சலில் இருந்து எழுந்து வந்தவர். பி.கே. பானர்ஜி ஒன்று. தையலோடு நின்ற ஜர்னைல் ஒன்று. 2-1, தங்கம். நுரையீரல் புற்றுநோயோடு இருந்த ரஹீம் அடுத்த ஜூனில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அத்தை: இந்தக் கதையை எங்கள் முதலிரவிலேயே கேட்டுவிட்டேன்.

மீனா அக்கா: 😂😂😂

கார்த்திக்: கதை நன்றாகத்தான் இருக்கிறது மாமா. தடுப்பாட்டக்காரரை முன்னால் நிறுத்தியவரை நீங்கள் கும்பிடுகிறீர்கள். ஆனால் உங்கள் முறை வந்தபோது முன்னால் நின்றவனை வெளியே எடுத்துவிட்டுத் தடுப்பாட்டக்காரனை உள்ளே விட்டீர்கள்.

மீனா அக்கா: ஐயோ. ஆரம்பித்துவிட்டான்.

ராஜா அத்தான்: இது என்ன புதுக்கதை?

அம்மா: புதிது இல்லை மாப்பிள்ளை, 2008. பள்ளிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். இவன் பிளஸ் டூ. என் தம்பிதான் பயிற்சியாளர். இவன் ஒரு கோல் போட்டிருந்தான். பாதியில் இவனை வெளியே கூப்பிட்டுவிட்டான். இவன் வீட்டுக்கு வந்து பூட்ஸைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான். மூன்று நாள் மாமாவோடு பேச்சு இல்லை.

கார்த்திக்: 1-0 முன்னிலை. என்னை எடுத்துவிட்டு ஐந்தாவது தடுப்பாட்டக்காரன். எதிரணியில் எனக்காகப் பின்னால் நின்ற இரண்டு பேரும் மேலே ஏறிவிட்டார்கள். 1-2. இன்றைய அதே எண்ணிக்கை.

கார்த்திக்: ஜமீல் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், இடைவேளையிலேயே இந்த ஆட்டத்தை முன்பு பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

*செல்வம் மாமா தட்டச்சு செய்கிறார்…*

அத்தை: எழுதுகிறார், அழிக்கிறார். எழுதுகிறார், அழிக்கிறார். நான் அதிரசம் தட்டப் போகிறேன்.

மீனா அக்கா: நாங்கள் விளக்கை அணைக்கிறோம். அர்ஜுன் சட்டையைக் கழற்றாமலே தூங்கிவிட்டான்.

.

15 அக்டோபர், புதன் காலை

செல்வம் மாமா: இரவு எழுதியது அனுப்பப்படாமல் கிடக்கிறது. இப்போது சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று உன்னை எடுத்தது தவறு. உனக்குக் கால் பிடித்துக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னேன், அது பொய். முதல் வரிசையில் தலைமையாசிரியர் உட்கார்ந்திருந்தார். "இப்படியே காப்பாற்றிவிடுங்கள் சார்" என்று இரண்டு முறை எழுந்து வந்து சொன்னார். எனக்குக் கோப்பை வேண்டும் என்று தோன்றவில்லை. தோற்றால் என் பெயர் கெடும் என்றுதான் தோன்றியது. அந்த நேரத்தில் கண்ணுக்கு ஆட்டம் தெரியாது. எண்ணிக்கைப் பலகை மட்டும்தான் தெரியும்.

செல்வம் மாமா: அதனால்தான் நேற்று ஜமீலைத் திட்ட வாய் வரவில்லை.

அம்மா: தட்டு காலி. இரவு ஒரு மணிக்கு எழுந்து சாப்பிட்டிருக்கிறான்.

ராஜா அத்தான்: மாமா 👏

கார்த்திக்: மாமா.

செல்வம் மாமா: சொல்.

கார்த்திக்: என்னை எத்தனையாவது நிமிடத்தில் எடுத்தீர்கள் என்று நினைவிருக்கிறதா?

செல்வம் மாமா: 52.

கார்த்திக்: 51.

செல்வம் மாமா: 52. நடுவருடைய கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

கார்த்திக்: நான் கோட்டைத் தாண்டியது 52. நீங்கள் கையைக் காட்டியது 51.

செல்வம் மாமா: ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வா. அந்த ஒன்பதாம் எண் சட்டை பையிலேயே கிடக்கிறது. நான் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறான்கள்.

கார்த்திக்: மறுநாள் தீபாவளி மாமா.

அத்தை: வரச் சொல்லுங்கள். திரும்பும்போது அதிரச டப்பாவை எடுத்துப் போகட்டும். நேற்று இவர் கிளறாததில் பாதி கல்லாகிவிட்டது, யாராவது சாப்பிட வேண்டும்.