அவசரம்: கனடாவில் இருந்து வந்த கிஃப்ட் காட் பாட்டுக் கடையில் ஏறவில்லை

சலங்கை_திருமலை:
வணக்கம். கனடாவில் இருக்கும் அக்கா பாட்டு வாங்கச் சொல்லி ஒரு கிஃப்ட் காட் நம்பர் அனுப்பினா. அடித்துப் போட்டால் இந்த நாட்டுக் கடையில் செல்லாது என்று வருகிறது. எனக்கு வேண்டிய அல்பம் அக்காவின் போனில் தெரிகிறது, என்னுடையதில் தேடினால் இல்லை. சனிக்கிழமை நிகழ்ச்சி. தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள்.

நிலாவெளியான்:
எந்தக் கடை? உங்கள் கணக்கு எந்த நாட்டில் திறந்தது? அல்பத்தின் பெயர் என்ன?

கடற்காற்று:
விபிஎன் (வேறு நாட்டில் இருந்து இணையத்துக்கு வருவதுபோல் காட்டும் செயலி) போட்டு கனடாவைத் தெரிவு செய்யுங்கள், அல்பம் வந்துவிடும். நான் படம் பார்ப்பது எல்லாம் அப்படித்தான்.

கிண்ணியா_நானா:
தங்கச்சி, முதலில் உங்கள் வங்கி காட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேதான். வங்கிக்கு ஒரு போன் போட்டால் திறந்துவிடுவார்கள்.

சலங்கை_திருமலை:
நானா, என் காட் இல்லை, கிஃப்ட் காட்தான் ஏறவில்லை. விபிஎன்னும் போட்டேன், அதே பதில். பரத வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வர்ணம், நட்டுவாங்கத்தோடு (தாளம் தட்டி ஜதி சொல்வது) உள்ள பதிவு. அதற்குத்தான் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள், வேறு பதிவில் தாளம் மாறும்.

நிலாவெளியான்:
கணக்கு எந்த நாடு என்று இன்னும் சொல்லவில்லையே. மாதச் சந்தா கட்டுகிற செயலியில் கேட்டால் போதாதா?

சலங்கை_திருமலை:
கணக்கு இங்கே இலங்கையில்தான், திருகோணமலை உவர்மலை விலாசம். மண்டபத்தில் சிக்னல் கிடையாது. பென் டிரைவில் போட்டு ஒலிபெருக்கிக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

பழைய_டெக்:
இதே கேள்விக்கு இங்கே பல முறை எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடும் பழக்கம் வர வேண்டும். சரி, இன்னொரு முறை எழுதுகிறேன், கவனமாக வாசியுங்கள்.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை மட்டும் கடை பார்ப்பதில்லை. கணக்கில் உள்ள விலாசம், காசு கட்டும் காட் எந்த நாட்டு வங்கியுடையது, இவைதான் உங்கள் கடை எது என்பதைத் தீர்மானிக்கும். காட்டின் முதல் ஆறு முதல் எட்டு இலக்கங்களிலேயே வங்கி தெரிந்துவிடும், வங்கியை வைத்து நாடும் தெரியும். விபிஎன் மாற்றுவது இணைய முகவரியை மட்டும். கிஃப்ட் காட் விற்ற நாட்டின் கடைக்கே உரியது. கனடா டொலரில் விற்றதை இலங்கைக் கணக்கு எடுக்காது.

கணக்கை கனடாவுக்கு மாற்றலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அதற்கு அந்த நாட்டு விலாசமும் காசு கட்டும் வழியும் வேண்டும், கணக்கில் மிச்சக் காசு இருக்கக்கூடாது, சந்தா ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை பொறுக்க வேண்டும். மாற்றிய பிறகு முன்பு வாங்கிய சிலதைத் திரும்ப இறக்கவும் முடியாமல் போகலாம்.

இது புதிதும் இல்லை. அப்பிளின் ஐடியூன்ஸ் பாட்டுக் கடை 2003 ஏப்ரலில் திறந்தபோது அமெரிக்காவுக்கு மட்டும். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிக்கு 2004இல் போனது. இலங்கைக்கு வந்தது 2012 ஜூனில். பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிஃபை இங்கே வர 2021 ஆகிவிட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி உரிமம், தனிப் பட்டியல், தனி விலை.

நிலாவெளியான்:
விளக்கம் நல்லது, அண்ணா. ஆனால் அவருக்கு சனிக்கிழமைக்குள் பாட்டு வேண்டும். ஏன் ஒரு நாட்டில் இருக்கும் அல்பம் இன்னொரு நாட்டில் இல்லை என்றும் சொல்லவில்லை.

தனி_ஆவர்த்தனம்:
அதை நான் சொல்கிறேன். மிருதங்கம் வாசிப்பவன், திருமலைதான். ஒரு பதிவில் இரண்டு உரிமை இருக்கிறது. பதிந்த ஒலி ஒருவருடையது, பெரும்பாலும் கம்பனியுடையது. பாட்டும் மெட்டும் எழுதியவருடையது அல்லது அவருடைய பதிப்பாளருடையது. இரண்டையும் நாடு நாடாகப் பிரித்து விற்க முடியும்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பதிவை ஏற்றியபோது விநியோகிப்பவரின் படிவத்தில் நாடுகளின் நீண்ட பட்டியல் வந்தது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். எல்லாவற்றிலும் சரி போட்டோம். பாடியவருக்கு சென்னைக் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் இருந்ததால் இந்தியாவில் மட்டும் சரியை எடுக்கச் சொன்னார்கள். அதனால் எங்கள் பாட்டு லண்டனில் கிடைக்கும், சென்னையில் கிடைக்காது. உங்கள் வர்ணத்துக்கும் இப்படி யாரோ இலங்கைக் கட்டத்தில் சரி போடாமல் விட்டிருக்கலாம். சின்ன கம்பனிகள் விற்பனை குறைவு என்று இலங்கையை மறந்துவிடுவதும் உண்டு.

கடற்காற்று:
எங்களுக்கு விற்கமாட்டார்கள் என்றால் நாங்கள் ஏன் இவ்வளவு அலைய வேண்டும்? யூடியூப்பில் யாராவது ஏற்றியிருப்பார்கள். இறக்கி பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். காசு கொடுக்கத் தயாராக நின்றும் வாங்காத கடையிடம் எந்தக் குற்ற உணர்வும் தேவையில்லை.

தனி_ஆவர்த்தனம்:
கடைக்குக் காசு போவது பற்றி எனக்கும் கவலை இல்லை, தம்பி. நட்டுவாங்கம் சொன்னவர், வயலின் வாசித்தவர், அவர்களைப் பற்றித்தான் கவலை. எங்கள் பதிவுக்கு வந்த காசையே இலங்கையில் நேரடியாகப் பெற வழியில்லாமல் லண்டனில் இருக்கும் மைத்துனரின் கணக்குக்கு எடுத்து இங்கே அனுப்புகிறோம். அந்தச் சின்னக் காசும் நின்றுவிட்டால் அடுத்த பதிவுக்கு ஸ்டூடியோ வாடகை எங்கிருந்து வரும்?

கடற்காற்று:
நீங்கள் சொல்வது கலைஞர் பக்கம். நான் சொல்வது கேட்பவர் பக்கம். நாட்டுக்கு நாடு வேலி போட்டது நாங்கள் இல்லை.

பழைய_டெக்:
இருவரும் வேறு இழை திறந்து பேசுங்கள். பதிப்புரிமைக்கு இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது.

கிண்ணியா_நானா:
தங்கச்சியின் வேலையைப் பார்ப்போம். ஒரே பதிவு ஒரு கடையிலேயே இரண்டு மூன்று இடத்தில் கிடக்கும். பழைய கம்பனி ஒரு அல்பமாக விற்கும், இன்னொரு கம்பனி அதே பாட்டைத் தொகுப்பில் சேர்த்து வேறு நாடுகளுக்கு விற்கும். அல்பத்தின் பெயரால் தேடாமல் ராகத்தின் பெயரையும் பாடியவரின் பெயரையும் போடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், தோடி என்பதையே ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். வந்ததும் நீளத்தைப் பாருங்கள். நிமிடமும் விநாடியும் ஒத்துப்போனால் பெரும்பாலும் அதே பதிவுதான். முன்னோட்டத்தைக் கேட்டு உறுதி செய்யலாம்.

அங்கே இல்லையென்றால் பேண்ட்காம்பில் தேடுங்கள். அங்கே கலைஞரோ கம்பனியோ நேரடியாக விற்பார்கள், இங்கிருந்து காட்டில் கட்டலாம், எம்பி3 கோப்பாகவே இறங்கும்.

நிலாவெளியான்:
ஒன்று மட்டும் கவனியுங்கள். சந்தாவில் இறக்குவது செயலிக்குள் பூட்டியே இருக்கும், பென் டிரைவுக்கு வராது. விலை கொடுத்து வாங்கும் பாட்டு அப்படி இல்லை. ஐடியூன்ஸில் 2009இலேயே பூட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் அது எம்4ஏ கோப்பாக வரும். ஒலிபெருக்கிக்காரரின் பெட்டி அதை வாசிக்குமா என்று முதலே கேளுங்கள், இல்லையென்றால் கணினியில் எம்பி3 ஆக மாற்றிக்கொண்டு போங்கள்.

பழைய_டெக்:
மாற்றினால் தரம் சற்றுக் குறையும். சீடியாக எழுதிக் கொடுப்பது நல்லது.

தனி_ஆவர்த்தனம்:
மண்டபத்து ஒலிபெருக்கியில் அந்த வித்தியாசம் தெரியாது. பிள்ளைகளுக்கு ஜதி தெளிவாகக் கேட்டால் போதும். பென் டிரைவை வெள்ளிக்கிழமையே கொண்டுபோய் அந்தப் பெட்டியில் ஓட்டிப் பாருங்கள்.

சலங்கை_திருமலை:
கிடைத்துவிட்டது. நானா சொன்ன மாதிரி ஒரு தொகுப்புக்குள் இருந்தது, நீளமும் சரி. வங்கியில் இணையக் கொடுப்பனவைத் திறந்து என் காட்டிலேயே வாங்கினேன். கிஃப்ட் காட்டை அக்கா அங்கேயே பாவிப்பா. எல்லாருக்கும் நன்றி, ஒத்திகைக்குப் போகிறேன்.

கடற்காற்று:
எந்தத் தொகுப்பு என்று சொல்லிவிட்டுப் போங்கள், எங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பரதம் பழகுகிறாள்.

நிலாவெளியான்:
எந்தக் கடை என்பதையும்.