.22 ரைஃபிள் பேரல்: துடைக்கத் துடைக்க நீலமாக வருகிறது, குரூப்பும் (குண்டுகள் விழும் வட்டம்) விரிந்துவிட்டது. என்ன தவறு செய்கிறேன்?

புதுக்கை
போல்ட் ஆக்‌ஷன் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள் தோட்டா) ரைஃபிள். புதிதில் 50 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கும். 1,500 தோட்டா சுட்டபிறகு 35 மி.மீ. வரை விரிகிறது. போதாக்குறைக்கு, போல்ட்டை (பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் தண்டு) மூடும்போது கடைசி நேரத்தில் லேசாக முரண்டு பிடிக்கிறது.

சுத்தம் செய்யாமல் விடவில்லை. மூன்று துண்டாகத் திருகி மாட்டும் அலுமினிய ராடு, ஸ்டீல் பிரஷ், பித்தளை ஜாக் (பேட்ச் எனும் துணித்துண்டை மாட்டும் ராடு முனை), அமோனியா கலந்த காப்பர் சால்வென்ட் (செம்பைக் கரைத்து நீலமாகும் திரவம்). பேரல் வாய் வழியாக விட்டு இழுக்கிறேன். நேற்று முப்பது பேட்ச் போட்டேன், முப்பதாவதும் நீலம்தான். ராடை விட்டுவிட்டு இழுகயிறு வாங்கலாமா?

பழைய குழல்
முதலில் அந்த ஸ்டீல் பிரஷை ஓரமாக வையுங்கள். உங்கள் தோட்டாவின் குண்டு என்ன நிறம்? ஈயச் சாம்பலா, செம்புப் பூச்சா?

புதுக்கை
சாம்பல் நிறம். தொட்டால் மெழுகு மாதிரி பிசுக்கு ஒட்டும்.

பழைய குழல்
அப்படியென்றால் பேரலுக்குள் செம்பே கிடையாது. ஒரு சோதனை செய்து பாருங்கள். புது பேட்ச் ஒன்றில் அதே சால்வென்ட்டை நனைத்து, பேரல் பக்கமே போகாமல், பித்தளை ஜாக்கின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். என்ன நிறம் வருகிறது என்று சொல்லுங்கள்.

காலைப்பயிற்சி
இதற்கெல்லாம் எதற்கு இவ்வளவு பாடு? .22 பேரலைத் தொடாமல் விட்டாலே போதும். குண்டு மென்மையான ஈயம், மேலே மெழுகு, வேகமும் குறைவு. பேரல் லேசில் தேயாது. நான் வருஷக்கணக்கில் போல்ட் முகத்தை மட்டும் துடைக்கிறேன். துடைத்த பேரலில் முதல் சில குண்டுகள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

புதுக்கை
ஜாக் சோதனை செய்தேன். கரு நீலம்! ஆக, நேற்று முப்பது பேட்ச்சும் நான் ஜாக்கைத்தான் கழுவியிருக்கிறேன்.

பழைய குழல்
அதேதான். பித்தளையில் செம்பு இருக்கிறது, அமோனியா அதைக் கரைக்கும். இனி நிக்கல் பூசிய ஜாக்கோ பிளாஸ்டிக் ஜாக்கோ வாங்குங்கள். காப்பர் சால்வென்ட்டே உங்களுக்குத் தேவையில்லை. கரியையும் ஈயத்தையும் இளக்குகிற சாதாரண போர் கிளீனர் (பேரலின் உட்புறம் துடைக்கும் திரவம்) போதும்.

காலைப்பயிற்சி சொல்வதில் பாதி சரி. நடுப் பேரலை நானும் அடிக்கடி தொடமாட்டேன். ஆனால் போல்ட் முரண்டு பிடிக்கிறதே, அங்கேதான் விஷயம். தோட்டாக் கூட்டின் வாய் முடிந்து, வரிப்பள்ளம் (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள்) தொடங்குகிற இடத்தில், விரல் அகலம்கூட இல்லாத பகுதியில், கரியும் மெழுகும் பிரைமர் தூளும் சேர்ந்து வெந்து, பீங்கான் மாதிரி ஒரு வளையமாக இறுகிவிடும். குண்டு அந்த வளையத்தில் உரசித்தான் உள்ளே நுழைகிறது. வாய் வழியாக விட்ட உங்கள் பேட்ச் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

ஒன்று கேட்கிறேன்: அதே ரைஃபிளில் .22 ஷார்ட் சுட்டதுண்டா? அதன் கூடு குட்டையானது. அதற்கு முன்னால் படிகிற கரியில்தான் அப்புறம் எல்ஆர் கூடு போய் முட்டும்.

புதுக்கை
இல்லை, எல்ஆர் மட்டும்தான். சரி, வளையத்தை எடுப்பது எப்படி?

பழைய குழல்
மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்த்தபிறகு போல்ட்டை உருவிவிடுங்கள். ரைஃபிளைப் பேரல் வாய் சற்றே கீழே சாய்ந்திருக்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் சால்வென்ட் பின்னால் வழிந்து டிரிகருக்குள்ளும் கட்டைக்குள்ளும் இறங்கும்.

ராடு ஒரே துண்டாக இருக்கட்டும், பூச்சு போட்டது அல்லது கார்பன் ஃபைபர். பிடி சுழல வேண்டும், அப்போதுதான் பேட்ச் வரிப்பள்ளத்தோடு திரும்பும். அலுமினியம் மெத்தென்றிருக்கும், மண்துகள் அதில் பதிந்து உப்புத்தாளாக மாறிவிடும். துண்டு துண்டான ராடின் இணைப்பு விளிம்பு பேரல் வாயின் ஓரத்தை, அதாவது கிரவுனை, ஒரே பக்கமாக உரசும். கிரவுன் கெட்டால் எந்தச் சால்வென்ட்டும் உதவாது. போர் கைட் (ராடை நடுவில் நேராக நிறுத்தும் குழாய்) மாட்டி, எப்போதும் சேம்பர் பக்கமிருந்தே தள்ளுங்கள்.

நனைத்த பேட்ச் ஒன்றைத் தள்ளிவிட்டுப் பதினைந்து நிமிடம் ஊற விடுங்கள். அப்புறம் குட்டைப் பிடியில் மாட்டிய வெண்கல பிரஷைச் சேம்பரைத் தாண்டி அந்த வளையம் வரை மட்டும் நுழைத்து, மெதுவாக வலப்பக்கமாகத் திருப்புங்கள். இடப்பக்கம் திருப்பினால் மரை கழன்று பிரஷ் உள்ளேயே நின்றுவிடும். பிறகு நனைத்த பேட்ச் இரண்டு, உலர்ந்த பேட்ச் நான்கைந்து. ஜாக் வாயைத் தாண்டியதும் பேட்ச்சை எடுத்துவிட்டு ராடை இழுங்கள்.

மூன்றாம் வரிசை
குறுக்கே வருகிறேன். என்னுடையது செமி ஆட்டோ, பின்பக்கம் அடைப்பு. ராடு நுழையாதே?

பழைய குழல்
உங்களுக்குத்தான் இழுகயிறு. பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் பேட்ச் மாட்டிச் சேம்பரிலிருந்து வாய்ப்பக்கம், நேர்கோட்டில் இழுங்கள். சாய்த்து இழுத்தால் கயிறும் கிரவுனை அறுக்கும். பிரஷ் வைத்துப் பின்னிய பாம்புக் கயிறு வேகமானது, ஆனால் அதைத் துவைக்காமல் விட்டால் போன மாத அழுக்கை இந்த மாதமும் உள்ளே தேய்ப்பீர்கள். நைந்த கயிற்றை ஒருபோதும் இழுக்காதீர்கள். உள்ளே அறுந்தால் எடுப்பது பெரும்பாடு.

புதுக்கை
இரண்டாவது ஊறலில் வந்த பேட்ச்சின் ஓரத்தில் கருப்புச் செதில், நகத்தால் சுரண்டினால் கறகறவென்றது. போல்ட் இப்போது வழுக்கிக்கொண்டு மூடுகிறது. இன்று காலை முதல் ஐந்து குண்டு திசைக்கொன்றாகப் போனது, பன்னிரண்டாவதுக்கு மேல் கூடிவிட்டது. கடைசி மூன்று குரூப்பும் 18 மி.மீ.க்குள். பழைய பொத்தான் இன்னும் வரவில்லை.

காலைப்பயிற்சி
இன்னும் ஐம்பது சுட்டுவிட்டுப் பேசுங்கள்.

பழைய குழல்
அதற்குள் பூதக்கண்ணாடியில் கிரவுனையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் படம் எடுத்துப் போடுங்கள். அந்தப் பேட்ச்சுகளில் இருப்பது ஈயம். தனிப் பையில் கட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.